இந்திய ஹாக்கி அணி 2008 ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறாமை

2008 ஆம் ஆண்டு பெய்சிங்கில் நடைபெற்ற கோடைக்கால ஒலிம்பிக் போட்டிகளுக்கு இந்திய ஆண்கள் வளைதடிப் பந்தாட்ட (ஹாக்கி) அணி தகுதி பெறத் தவறியது. 2008 மார்ச் 9 அன்று சிலி நாட்டின் தலைநகர் சந்தியாகோவில் நடந்த தகுதிகாண் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியா 0-2 என்ற கணக்கில் பெரிய பிரித்தானியாவிடம் தோற்றது. 1928 ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் முதன்முறையாகக் கலந்துகொண்டதிலிருந்து 2004 ஏதென்சு வரை, 18 ஒலிம்பிக் போட்டிகளில் ஒன்றுவிடாமல் ஆடிய அணி இது. எட்டுத் தங்கப் பதக்கங்களை வென்ற அணி 80 ஆண்டுகளில் முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெறாமற் போனது, நாடெங்கும் ரசிகர்களிடையே பெரும் அதிர்ச்சியையும் சினத்தையும் உண்டாக்கியது. அடுத்த ஏறத்தாழ ஏழு வாரங்களில் இந்திய ஹாக்கி கூட்டமைப்பு இடைநீக்கம் செய்யப்பட்டது.

பின்னணி

இந்தியா 1928, 1932, 1936, 1948, 1952, 1956 ஆகிய ஆறு ஒலிம்பிக் போட்டிகளில் தொடர்ந்து தங்கம் வென்றது. 1960 இல் உரோம் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் பாக்கித்தானிடம் தோற்கும் வரை, ஒலிம்பிக்கில் தான் ஆடிய 30 ஆட்டங்களையும் இந்தியா வென்றிருந்தது. பின்னர் 1964 இலும் 1980 இலும் தங்கம் வென்றது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வா. பாஸ்கரன் ஆவார்.

1976 மொண்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஆட்டங்கள் நடத்தப்பட்டன. அதில் இந்தியா ஏழாம் இடத்தையே பெற்றது. 1980 க்குப் பின் இந்தியா பெற்ற இடங்கள் வருமாறு:

* 1984 லாஸ் ஏஞ்சலஸ் - 5
* 1988 சியோல் - 6
* 1992 பார்சிலோனா - 7
* 1996 அட்லாண்டா - 8
* 2000 சிட்னி - 7
* 2004 ஏதென்சு - 7

பதக்கங்கள் கிட்டாத இக்காலத்திலும் அணி ஒவ்வொரு முறையும் ஒலிம்பிக்கில் இடம்பெற்று வந்தது. வெல்வது ஐயமாகிவிட்ட பின்னரும் பங்கேற்பது உறுதி என்றே ரசிகர்கள் கருதி வந்தனர். 2008 இல் தகர்ந்தது இந்த நம்பிக்கையே ஆகும்.

தகுதி நழுவிய விதம்

2006 ஆம் ஆண்டு செருமனியின் மோன்சன்கிளாட்பாக் நகரில் நடந்த உலகக் கோப்பையில் இந்தியா 11 ஆம் இடம் பெற்றது. அதே ஆண்டு திசம்பரில் தோகாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஐந்தாம் இடத்துடன் திரும்பியது. ஆசிய விளையாட்டுப் போட்டி வரலாற்றில் இந்திய ஹாக்கி அணி பதக்கமின்றித் திரும்பியது அதுவே முதன்முறை. ஒலிம்பிக்கிற்கு நேரடியாகத் தகுதி பெறும் வாய்ப்பும் அங்கேயே நழுவியது. இதன் பின்னர் பயிற்சியாளர் பொறுப்பு பாஸ்கரனிடமிருந்து முன்னாள் ஒலிம்பிக் வீரர் யோவாக்கிம் கார்வாலோவிடம் சென்றது.

நேரடித் தகுதி பெறாத நாடுகளுக்காக 2008 இல் மூன்று தகுதிகாண் போட்டிகள் ஆக்லாந்து, சந்தியாகோ, சப்பானின் ககாமிகஹாரா ஆகிய இடங்களில் நடத்தப்பட்டன. ஒவ்வொன்றிலும் முதலிடம் பெறும் ஓர் அணிக்கு மட்டுமே ஒலிம்பிக் வாய்ப்பு. 2004 இல் மத்ரிதில் நடந்த தகுதிகாண் போட்டியில் நான்காம் இடம் பெற்றே இந்தியா ஏதென்சுக்குச் சென்றிருந்தது. இம்முறை அத்தகைய இடைவெளி இல்லை. இரண்டாம் இடம் பெற்றாலும் பயனில்லை என்ற நிலையிலேயே அணி சிலிக்குப் புறப்பட்டது.

சென்னை ஆசியக் கோப்பை

தோகாவிற்கும் சந்தியாகோவிற்கும் இடையில் ரசிகர்களின் நம்பிக்கையை உயர்த்திய நிகழ்வு 2007 ஆசியக் கோப்பை ஆகும். இது சென்னை எழும்பூரிலுள்ள மேயர் இராதாகிருட்டிணன் விளையாட்டரங்கில் நடைபெற்றது. செப்டம்பர் 9 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் இந்தியா 7-2 என்ற கணக்கில் தென் கொரியாவை வென்றது. எழும்பூரிலிருந்து புறப்படும் தென்மாவட்டத் தொடர்வண்டிகள் செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரம் சந்திப்பை அடைகின்றன. ஆகவே இவ்வூர்களின் ஹாக்கி ஆர்வலர்கள் காலையில் புறப்பட்டு ஆட்டம் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பும் தொலைவில்தான் இவ்வரங்கம் உள்ளது. ஆனால் ஆசியக் கோப்பை வெற்றி ஒலிம்பிக் தகுதியைப் பெற்றுத் தரவில்லை.

சென்னை வெற்றிக்குச் சற்று முன், 2007 ஆகத்து மாதத்தில், மகளிர் ஹாக்கியை மையமாகக் கொண்ட "சக் தே! இந்தியா" என்ற இந்தித் திரைப்படம் வெளியாகிப் பெரும் வரவேற்பைப் பெற்றிருந்தது. அதே செப்டம்பரில் இந்தியத் துடுப்பாட்ட அணி முதலாவது இருபது20 உலகக் கோப்பையை வென்றது. துடுப்பாட்ட வீரர்களுக்கு அரசுகள் பெரும் பரிசுத் தொகைகளை அறிவித்தன. ஆசியக் கோப்பை வென்ற தங்களுக்கு அத்தகைய பாராட்டு இல்லை என ஹாக்கி வீரர்கள் சிலரும் பயிற்சியாளர் கார்வாலோவும் வெளிப்படையாகவே குறைகூறினர். அணி சிலியில் ஆடுவதற்குச் சில நாட்களுக்கு முன், 2008 பெப்ரவரி 20 அன்று, இந்தியன் பிரீமியர் லீக்கின் முதல் வீரர் ஏலம் நடந்தது. அதில் மகேந்திரசிங் தோனியைச் சென்னை அணி 15 இலட்சம் அமெரிக்க டாலருக்கு எடுத்தது.

சந்தியாகோ இறுதி ஆட்டம்

பிரப்சோத் சிங் தலைமையிலான இந்திய அணி லீக் சுற்றில் பெரிய பிரித்தானியாவிடம் தோற்றது. எனினும் இறுதி ஆட்டத்திற்கு முன்னேறி, அதே அணியை மீண்டும் எதிர்கொண்டது. ஆட்டத்தின் முதல் பத்து நிமிடங்களுக்குள்ளேயே பாரி மிடில்டன், ரிச்சர்ட் மாண்டல் ஆகியோர் பிரித்தானியாவிற்காகத் தலா ஒரு கோல் அடித்தனர். எஞ்சிய நேரம் முழுவதும் முயன்றும் இந்தியாவால் ஒரு கோல் கூடத் திருப்ப இயலவில்லை. பெரிய பிரித்தானியா பெய்சிங்கிற்குத் தகுதி பெற்றது.

எதிர்வினைகள்

ரசிகர்களும் ஊடகங்களும்

தோல்விச் செய்தி மார்ச் 10 அன்று இந்திய நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் தலைப்பிடம் பெற்றது. துடுப்பாட்டத்திற்கு வழக்கமாக ஒதுக்கப்படும் இடத்தை அன்று ஹாக்கி பிடித்தது. 80 ஆண்டு மரபு அறுந்தது என்பதே பெரும்பாலான செய்திகளின் சாரமாக இருந்தது. ஹாக்கி இந்தியாவின் "தேசிய விளையாட்டு" எனப் பள்ளிப் பாடங்களில் படித்து வளர்ந்த தலைமுறையினருக்கு, இத்தோல்வி ஓர் ஆட்டத்தின் முடிவாக மட்டும் தோன்றவில்லை. (எந்த விளையாட்டும் தேசிய விளையாட்டாக அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்படவில்லை என்று இந்திய அரசு 2012 இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தெரிவித்தது.)

ரசிகர்களின் வருத்தத்தில் இருவேறு போக்குகள் காணப்பட்டன. கூட்டமைப்பின் நிர்வாகமே ஆட்டத்தை அழித்தது என்ற சினம் ஒன்று. ஒலிம்பிக் காலம் தவிர மற்ற நாட்களில் ஹாக்கியைப் பார்க்காத பொதுமக்களுக்கும், ஆதரவு தராத நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்ற தன்விமர்சனம் மற்றொன்று. ஆறு மாதங்களுக்கு முன் ஆசிய வாகையர் பட்டம் வென்ற அணி எவ்வாறு இந்நிலைக்கு வந்தது என்ற கேள்வி, சென்னை இறுதி ஆட்டத்தைக் கண்டு மகிழ்ந்திருந்த தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு மிக அண்மையானதாக இருந்தது.

பயிற்சியாளரும் முன்னாள் வீரர்களும்

பயிற்சியாளர் கார்வாலோ தோல்விக்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். தன்ராஜ் பிள்ளை உள்ளிட்ட முன்னாள் வீரர்கள் பலர் கூட்டமைப்பின் செயற்பாட்டைக் கடுமையாகச் சாடினர். இப்பிரச்சினை நாடாளுமன்றத்திலும் எழுப்பப்பட்டது.

கூட்டமைப்பு

1994 முதல் இந்திய ஹாக்கி கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர் முன்னாள் காவல்துறைத் தலைவர் கே. பி. எஸ். கில் ஆவார். அவர் பதவி விலக வேண்டும் என்ற கோரிக்கை பல தரப்பிலிருந்தும் எழுந்தது. உடனடிக் காப்பி இயந்திரம் போல உடனுக்குடன் முடிவுகளைத் தர இயலாது என்ற பொருளில் அவர் அளித்த பதில், ரசிகர்களின் சினத்தை மேலும் தூண்டியது. அவர் பதவி விலக மறுத்தார்.

ஏப்ரல் மாதம் தனியார் தொலைக்காட்சி ஒன்று, அணித் தேர்வுக்காகப் பணம் பெறப்பட்டதாகக் குற்றஞ்சாட்டி மறைபடக்கருவிப் பதிவு ஒன்றை ஒளிபரப்பியது. கூட்டமைப்பின் செயலாளர் பதவி விலகினார். 2008 ஏப்ரல் 28 அன்று இந்திய ஒலிம்பிக் சங்கம் இந்திய ஹாக்கி கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. அசுலாம் சேர் கான் தலைமையில் முன்னாள் வீரர்கள் அடங்கிய ஐவர் குழுவிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. தகுதி பெறாமையால் எழுந்த பொதுமக்கள் அழுத்தம் இல்லாதிருந்தால், 14 ஆண்டுகள் நீடித்த நிர்வாகம் இவ்வளவு விரைவில் மாறியிருக்குமா என்பது ஐயத்திற்குரியது.

காரணங்கள்

தோல்விக்குப் பின் எழுந்த விவாதங்களில் பின்வரும் காரணங்கள் பரவலாகச் சுட்டப்பட்டன:

* இயற்கைப் புல்தரையில் பந்தை வசப்படுத்தி ஆடும் திறனை அடிப்படையாகக் கொண்ட ஆட்டமுறை, வேகமும் உடல் வலிமையும் கோரும் செயற்கைத் தரையில் எடுபடாமை.
* சிறுவர் பயிற்சி பெறும் ஊர்களில் செயற்கைத் தரை அரங்குகள் போதிய அளவில் இல்லாமை.
* பயிற்சியாளர்கள் அடிக்கடி மாற்றப்பட்டமை.
* 1990களில் அயல்நிலை விதி நீக்கப்பட்டது போன்ற விதி மாற்றங்களுக்கு ஏற்ப அணி விரைவில் மாறாமை.
* வீரர்களுக்கான ஊதியமும் பொருளாதாரப் பாதுகாப்பும் குறைவாக இருந்தமை.

பின்விளைவுகள்

பெய்சிங் ஒலிம்பிக்கில் இந்தியா ஹாக்கி அணி இல்லாமலேயே மூன்று பதக்கங்களைப் பெற்றது. துப்பாக்கி சுடுதலில் அபினவ் பிந்திரா இந்தியாவின் முதல் தனிநபர் தங்கத்தை வென்றார். மற்போரில் சுசில் குமாரும் குத்துச்சண்டையில் விசேந்தர் சிங்கும் வெண்கலம் பெற்றனர். அதுவரை இந்தியாவின் ஒலிம்பிக் தங்கங்கள் அனைத்தும் ஹாக்கியில் கிடைத்தவையே.

2009 இல் ஹாக்கி இந்தியா என்ற புதிய அமைப்பு உருவாக்கப்பட்டது. மாற்றம் உடனடிப் பலனைத் தரவில்லை. 2010 சனவரியில் புனேயில் ஊதியம் கோரி வீரர்கள் பயிற்சியைப் புறக்கணித்தனர். 2012 பெப்ரவரியில் தில்லியில் நடந்த தகுதிகாண் இறுதி ஆட்டத்தில் பிரான்சை 8-1 என வென்று இந்தியா மீண்டும் ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. ஆயினும் இலண்டனில் ஆடிய ஆட்டங்கள் அனைத்திலும் தோற்று, கடைசி இடமான 12 ஆம் இடத்தைப் பெற்றது.

2014 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற பின் நிலை மாறத் தொடங்கியது. 2018 முதல் ஒடிசா மாநில அரசு தேசிய அணிகளின் புரவலராக ஆனது. கொரோனாத் தொற்றால் 2021 இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் செருமனியை 5-4 என வென்று இந்தியா வெண்கலம் பெற்றது. இது 41 ஆண்டுகளுக்குப் பின் ஹாக்கியில் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் ஆகும். 2024 பாரிசு ஒலிம்பிக்கிலும் எசுப்பானியாவை 2-1 என வென்று வெண்கலம் பெற்றது. இவற்றுக்கு இடையே 2023 ஆகத்து 12 அன்று, சென்னையின் அதே எழும்பூர் அரங்கில், மலேசியாவை 4-3 என வென்று ஆசிய வாகையர் கோப்பையையும் இந்தியா கைப்பற்றியது.

ஒத்த நிகழ்வுகள்

வலிமை மிக்க அணி தகுதி பெறத் தவறுவதும், அதைத் தொடர்ந்து ரசிகர்களின் சினம் நிர்வாகத்தின் மீது திரும்புவதும் பிற நாடுகளிலும் நிகழ்ந்துள்ளன.

* இங்கிலாந்து காற்பந்து அணி 2007 நவம்பரில் வெம்பிளி அரங்கில் குரோவாசியாவிடம் 2-3 எனத் தோற்று, 2008 ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. பயிற்சியாளர் இசுட்டீவ் மெக்ளாரன் நீக்கப்பட்டார்.
* நான்கு முறை உலகக் கோப்பை வென்ற இத்தாலி காற்பந்து அணி 2017 நவம்பரில் சுவீடனிடம் தோற்று, 1958 க்குப் பின் முதன்முறையாக உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது. பயிற்சியாளர் நீக்கப்பட்டதுடன், கூட்டமைப்பின் தலைவரும் பதவி விலகினார். 2022 மார்ச்சில் வடக்கு மாசிடோனியாவிடம் தோற்று இத்தாலி மீண்டும் அதே நிலையை அடைந்தது.
* மூன்று முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற பாக்கித்தான் ஹாக்கி அணி 2016 ரியோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவில்லை. தோக்கியோ, பாரிசு ஒலிம்பிக் போட்டிகளிலும் அது இடம்பெறவில்லை.

இவற்றையும் பார்க்கவும்

* ஒலிம்பிக்கில் வளைதடிப் பந்தாட்டம்
* மேயர் இராதாகிருட்டிணன் விளையாட்டரங்கம்
* வா. பாஸ்கரன்
* தன்ராஜ் பிள்ளை