இருநூறை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்?

4 என்ற எண்ணை ஐந்து விதமாகப் பிரித்து எழுதலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. இதையே 10க்குச் செய்தால் 42 விதம். 100க்கு 19 கோடியைத் தாண்டும். 200க்கு வரும் விடை 39,72,99,90,29,388. அதாவது மூன்று லட்சத்து 97 ஆயிரத்து 299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388.

இதைக் கணினி இல்லாத காலத்தில் கையாலேயே போட்டுக் கண்டவர் பெர்சி மக்மாகன். பீரங்கிப் படையில் மேஜராக இருந்தவர். இளம் அதிகாரியாக இந்தியாவிலும் பணியாற்றியவர். ஒவ்வொரு விடையையும் அதற்கு முந்தைய விடைகளைக் கூட்டியும் கழித்தும் பெறுவதற்கு 18ஆம் நூற்றாண்டிலேயே கணிதவியலாளர் ஆய்லர் ஒரு வழி சொல்லியிருந்தார். அந்த வழியில் 1 முதல் 200 வரை மக்மாகன் நடந்தே கடந்தார். நடுவில் ஓர் இலக்கம் பிசகினாலும் அதன்பின் வருவதெல்லாம் பிசகிவிடும்.

அதே காலத்தில், 1914இல் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜ் போயிருந்த ராமானுஜன், அங்கிருந்த கணிதவியலாளர் ஹார்டியுடன் சேர்ந்து வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தார். முந்தைய விடை எதுவும் தேவையில்லை. எண்ணைச் சொன்னால் அதன் பிரிவுகளின் எண்ணிக்கையை நேரே தரும் சூத்திரம். பையும் வர்க்கமூலமும் அடுக்குக்குறிச் சார்பும் நிறைந்த அந்தச் சூத்திரத்திலிருந்து ஒரு முழு எண் எப்படி வரும்? அது பல உறுப்புகளின் கூட்டல். 200ஐ இட்டு, முதல் உறுப்பை மட்டும் கணக்கிட்டபோது விடை முப்பத்தாறாயிரம் போலக் குறைந்தது. இரண்டாவது உறுப்பைச் சேர்த்ததும் எண்பது கூடிப்போனது. முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது வந்தது 39,72,99,90,29,388.004. மக்மாகனின் எண்ணேதான்; மிஞ்சியது ஆயிரத்தில் நான்கு பங்கு.

இந்தச் சூத்திரத்தோடு 1918இல் வெளியான கட்டுரையைப் பற்றிப் பேசும்போது நாம் ராமானுஜனின் உள்ளுணர்வை மட்டுமே வியக்கிறோம். மக்மாகனின் அட்டவணை இல்லாதிருந்தால், அந்த 388 சரிதானா என்று ஒத்துப்பார்க்க வழியே இருந்திருக்காது. அவருடைய பொறுமைக்கும் அந்த வியப்பில் சரிபாதி உரியது.

அட்டவணை அதோடு ஓயவில்லை. அதைக் கூர்ந்து பார்த்த ராமானுஜன், 4, 9, 14, 19, 24 என ஐந்து ஐந்தாகத் தாண்டிச் செல்லும் இடங்களைக் கவனித்தார். அங்கே இருந்தவை 5, 30, 135, 490, 1575. எல்லாமே ஐந்தால் வகுபடுபவை! கூட்டலால் மட்டுமே பிறந்த எண்களில் வகுபடும் ஒழுங்கு ஏன் வரவேண்டும்? 7க்கும் 11க்கும் இதே போன்ற ஒழுங்குகளை அவர் கண்டார். 5, 7 ஆகியவற்றுக்கான நிரூபணம் 1919இல் வெளிவந்தது. மறு ஆண்டு, 32 வயதில், சென்னையில் காலமானார்.

ஹார்டி-ராமானுஜன் சூத்திரத்தைத் திருத்தி, தோராயமே இல்லாத முழுத் தொடராக்கினார் ராடமாக்கர் என்ற கணிதவியலாளர், அது 1937இல். வகுபடும் ஒழுங்குகளின் கதை இன்னும் நீண்டது. 5 முதலான ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அவை உண்டென்று கணிதவியலாளர் கென் ஓனோ 2000இல் நிறுவினார். ஆனால் அவை எளிதில் கண்ணில் படுபவை அல்ல. 13க்கு அறியப்பட்ட ஓர் ஒழுங்கு 237இல் தொடங்கி, 17,303 எண்களுக்கு ஒருமுறை வருகிறது. மக்மாகன் நிறுத்திய இடமோ 200.