ஓட்டுக்குள் ஓர் ஊசி

முட்டைக்குள்ள இருக்கிற குஞ்சுக்கே தடுப்பூசியா என்று முதலில் சிரித்தேன். பழைய கதையைப் படித்ததும் சிரிப்பு நின்றது.

1931இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் உட்ரஃபும் எர்னஸ்ட் குட்பாஸ்ச்சரும் கோழிக்கருவில் வைரஸை வளர்த்துக் காட்டினார்கள். மனிதருக்கான ஃப்ளூ தடுப்பூசி இன்றும் பெரும்பாலும் முட்டையில்தான் விளைகிறது.

கோழியின் முறை வர அரை நூற்றாண்டு ஆயிற்று. நரம்பைத் தாக்கிக் கட்டிகளை உண்டாக்கும் மாரெக் நோய்க்கு எதிராக, 1982இல் சர்மாவும் பர்மெஸ்டரும் 18 நாள் கருவுக்கே ஊசி போட்டார்கள். பொரிய இன்னும் 3 நாள் இருக்கும். 1992 முதல் அமெரிக்கப் பொரிப்பகங்களில் எந்திரமே குத்துகிறது. கருணையெல்லாம் இல்லைங்க, ஆள்கூலி மிச்சம்.

1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 6 பேரைக் கொன்றது. அரசு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளைக் கொன்றது. அந்த வைரஸை முட்டையில் வளர்க்கப் பார்த்தால் கருவே செத்துப்போனது. பின்னாளில், மாரெக் தடுப்பூசியில் இருக்கும் வான்கோழி வைரஸுக்குள் பறவைக் காய்ச்சலின் ஒரு மரபணுவைச் செருகினார்கள். அதே ஊசி வழியே போடலாம்.

ஆனால் ஊசி போட்ட கோழி நோயைக் காட்டாமலே வைரஸைச் சுமக்கலாம் என்று இறக்குமதி நாடுகள் அஞ்சுகின்றன. ஏற்றுமதி போய்விடுமே என்று அமெரிக்கக் கறிக்கோழித் தொழிலே தடுப்பூசி வேண்டாம் என்கிறது.