'இன் தி ஏரோபிளேன் ஓவர் தி சீ': ஓர் இசைத்தொகுப்பும் அதைப் பற்றிய மாறுபட்ட கருத்துகளும்

'இன் தி ஏரோபிளேன் ஓவர் தி சீ' என்பது அமெரிக்க இண்டி ராக் இசைக்குழுவான நியூட்ரல் மில்க் ஹோட்டல் 1998 பிப்ரவரியில் வெளியிட்ட இரண்டாவது இசைத்தொகுப்பு ஆகும். 11 பாடல்களைக் கொண்ட இது ஏறத்தாழ 40 நிமிடங்கள் ஓடும். வெளிவந்தபோது சிலர் பாராட்டினர், சிலர் குறை கூறினர், பெரும்பாலோர் கேட்கவே இல்லை. பத்தாண்டுகளுக்குள் அது 1990களின் மிகச் சிறந்த ராக் தொகுப்புகளில் ஒன்று என்ற பெயரைப் பெற்றது. அதன் பிறகும் கருத்து வேறுபாடு ஓயவில்லை.

பின்னணி

இண்டி என்பது 'இண்டிபெண்டன்ட்' என்ற சொல்லின் சுருக்கம். பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல், சிறிய தனியார் வெளியீட்டு நிறுவனங்கள் வழியாகப் பாடல்களை வெளியிட்ட குழுக்களுக்கு முதலில் இப்பெயர் வழங்கியது. பின்னர் அது ஒரு இசைப்பாணியின் பெயராகவும் ஆயிற்று. செலவு குறைந்த ஒலிப்பதிவு, மெருகூட்டப்படாத குரல், வானொலிக்காக அளவெடுத்துச் செய்யாத பாடல்கள் ஆகியவை அப்பாணியின் அடையாளங்கள்.

நியூட்ரல் மில்க் ஹோட்டலின் தோற்றம் லூசியானா மாநிலத்தின் ரஸ்டன் என்ற சிறு பல்கலைக்கழக நகரில் நிகழ்ந்தது. அங்கு வளர்ந்த ஜெஃப் மாங்கம், ராபர்ட் ஷ்னைடர், பில் டாஸ், வில் கல்லன் ஹார்ட் ஆகியோர் பள்ளிப் பருவ நண்பர்கள். வீட்டில் கேசட் நாடாவில் தாங்களே பாடிப் பதிவு செய்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது அவர்களது வழக்கம். இந்த நட்பு வட்டமே பின்னாளில் 'எலிஃபன்ட் 6' எனப் பெயர் பெற்றது. ஷ்னைடர் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகருக்குச் சென்று 'ஆப்பிள்ஸ் இன் ஸ்டீரியோ' குழுவை நடத்தினார். (கணித ஆசிரியர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி: இவர் பின்னாளில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.) டாஸும் ஹார்ட்டும் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் 'ஒலிவியா ட்ரெமர் கன்ட்ரோல்' குழுவை அமைத்தனர்.

மாங்கம் தனியாளாகத் தொடங்கிய முயற்சியே நியூட்ரல் மில்க் ஹோட்டல். அதன் முதல் தொகுப்பான 'ஆன் ஏவரி ஐலண்ட்' 1996இல் வெளிவந்தது. அதன் பிறகு ஜெரமி பார்ன்ஸ் (டிரம்ஸ்), ஸ்காட் ஸ்பிலேன் (டிரம்பெட், டிரோம்போன் முதலிய ஊதுகருவிகள்), ஜூலியன் கோஸ்டர் (அக்கார்டியன், பாஞ்சோ, இசை ரம்பம்) ஆகியோர் சேர, அது ஒரு முழுக் குழுவானது.

ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு

இந்தத் தொகுப்பின் கரு ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. முதல் தொகுப்பு வெளிவந்த காலத்தில் மாங்கம் ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் படித்தார். படித்து முடித்தபின் மூன்று நாட்கள் அழுததாகப் பின்னர் ஒரு பேட்டியில் கூறினார். கால எந்திரத்தில் ஏறிச் சென்று அச்சிறுமியைக் காப்பாற்றுவது போன்ற கனவுகள் தமக்கு வந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார்.

நம் நாட்டில் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூல் வழியாக மாணவர்கள் அறிந்த அதே ஆன் ஃபிராங்க்தான் இவர். 1929இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்டு வரை ஆம்ஸ்டர்டாமில் ஒரு கட்டடத்தின் மறைவான பகுதியில் குடும்பத்துடன் ஒளிந்து வாழ்ந்தார். பிடிபட்ட பின், 1945 தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் தம் 15ஆம் வயதில் இறந்தார். தந்தை ஓட்டோ ஃபிராங்க் மட்டுமே உயிருடன் மீண்டார். அவரது முயற்சியால் நாட்குறிப்பு 1947இல் டச்சு மொழியில் வெளிவந்தது.

தொகுப்பில் ஆன் ஃபிராங்கின் வாழ்க்கை ஒரு கதையாகச் சொல்லப்படவில்லை. 'ஹாலந்து, 1945' என்ற பாடலின் தலைப்பு காலத்தையும் இடத்தையும் வெளிப்படையாகக் காட்டுகிறது. மற்றப் பாடல்களில் அவரது நினைவு, இரட்டைத்தலைச் சிறுவன் ஒருவன், சிதைந்த ஒரு குடும்பம், உடல், காமம், மறுபிறப்பு, ஆவி ஆகியவற்றோடு கலந்து வருகிறது. ஒரு பாடல் இயேசு கிறிஸ்துவின் மீதான அன்பை உரக்கச் சொல்லித் தொடங்குகிறது. இது கிண்டலா, பக்தியா என்று பலர் குழம்பினர். பாடுவதை மெய்யாகவே சொல்வதாகவும், ஆனால் தொகுப்பின் கருத்து குறிப்பிட்ட ஒரு மதத்தைச் சார்ந்தது அன்று என்றும் மாங்கம் உறைக்குறிப்பில் விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

ஒலிப்பதிவு

1997 ஜூலை முதல் செப்டம்பர் வரை டென்வரில் ஷ்னைடரின் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவு நடந்தது. தயாரிப்பாளரும் அவரே. மாங்கம் வாசிப்பது சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார்தான் என்றாலும், அதன் ஒலி பிசிறடித்து இரைச்சலோடு கேட்கும். இது பழுதன்று, வேண்டுமென்றே செய்யப்பட்டது.

அதற்கு மேல் கேட்கும் கருவிகளோ ராக் இசையில் வழக்கமில்லாதவை. மரம் அறுக்கும் ரம்பத்தை வளைத்துப் பிடித்து வயலின் வில்லால் தேய்த்தால், பெண் குரல் முனகுவது போன்ற நீண்ட ஒலி எழும். தலைப்புப் பாடலில் கேட்பது அதுதான். ஸ்பிலேன் இயற்றிய 'தி ஃபூல்', பாட்டில்லாத, சவ ஊர்வல நடையில் அமைந்த ஊதுகருவி இசை. பத்தாவதாக வரும் தலைப்பில்லாத இசைத்துண்டில் அயர்லாந்து நாட்டுத் துருத்திக் குழல் ஒலிக்கிறது. எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் 'ஓ கம்லி'யில் மாங்கம் கிட்டாரோடு ஒரே மூச்சில் பாடி முடித்தார். அந்த ஒரே பதிவுதான் தொகுப்பிலும் இடம்பெற்றது. பாடல் முடியும்போது வியப்பு தாளாமல் உடனிருந்தவர் கத்துவதும் அதில் பதிவாகி இருக்கிறது.

கடைசிப் பாடலின் முடிவில் மாங்கம் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்து போகும் ஓசை கேட்கும்.

அட்டைப்படத்தை ஆர்.இ.எம். குழுவின் வடிவமைப்பாளரான கிறிஸ் பில்ஹைமர் உருவாக்கினார். கடலில் குளிப்பவர்களைக் காட்டும் பழைய ஐரோப்பிய அஞ்சலட்டை ஒன்றை எடுத்து, அதிலுள்ள பெண்ணின் தலை இருக்க வேண்டிய இடத்தில் மேளத்தின் தோல்முகத்தை வைத்தார். அதை உருளைக்கிழங்கு என்று எண்ணுவோர் இன்றும் உண்டு.

முதல் வரவேற்பு

வட கரோலினா மாநிலத்தில் இயங்கிய மெர்ஜ் ரெகார்ட்ஸ் இதை வெளியிட்டது. 'சூப்பர்சங்க்' என்ற ராக் குழுவைச் சேர்ந்த மேக் மெக்காகன், லாரா பாலன்ஸ் இருவரும் 1989இல் தொடங்கிய சிறு நிறுவனம் அது. முதல் பதிப்பாக ஏறத்தாழ 5,500 குறுந்தகடுகளும் 1,600 இசைத்தட்டுகளும் அச்சிடப்பட்டன. நிறுவனம் எவ்வளவு விற்கும் என்று எதிர்பார்த்தது என்பதை இந்த எண்களே காட்டும்.

'ரோலிங் ஸ்டோன்' இதழில் பென் ராட்லிஃப் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தார். ஒலியின் தன்மையிலும் சூழலிலும் மாங்கம் மிகுந்த அக்கறை காட்டுகிறார், ஆனால் பாடலுக்கு வடிவம் கொடுப்பதும் தேவையற்றதை வெட்டுவதுமாகிய அடிப்படைப் பயிற்சியைத் தாண்டிப் போய்விட்டார் என்பது அவரது குறையின் சாரம். இதன் நாட்டுப்புறச் சாயலில் மயங்காதவர்களுக்கு இது சாரமில்லாத பகற்கனவாகவே படும் என்றும் அவர் கருதினார். இணைய இதழான 'பிட்ச்ஃபோர்க்' பத்துக்கு 8.7 கொடுத்துப் பாராட்டியது. 'வில்லேஜ் வாய்ஸ்' இதழ் ஆண்டுதோறும் நடத்தும் விமர்சகர் வாக்கெடுப்பில் 1998க்கான பட்டியலில் இது 15ஆம் இடம் பெற்றது. ஆகவே இத்தொகுப்பை அக்காலத்தில் எல்லாரும் புறக்கணித்தனர் என்று பிற்காலத்தில் பரவிய கதை சரியன்று. சிலர் மனமார விரும்பினர், சிலர் தயங்கினர் என்பதே உண்மை.

ராட்லிஃப்பின் மதிப்புரையைப் பிற்கால ரசிகர்கள் பலர் ஏளனமாக எடுத்துக்காட்டுவது உண்டு. அது நியாயமாகத் தோன்றவில்லை. வடிவ ஒழுங்கு தளர்ந்திருப்பது, சொற்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவது, குரல் சுருதியின் விளிம்பில் தடுமாறுவது எல்லாம் தொகுப்பில் உண்மையில் இருப்பவைதான். விரும்பியவர்களும் அவற்றையே சுட்டினர். ஒருவருக்குக் கட்டுப்பாடின்மையாகப் பட்டது மற்றவருக்குத் துயரத்தின் இயல்பான குரலாகப் பட்டது. அழுகிறவர் சொற்களை வெட்டித் திருத்திக்கொண்டா அழுவார் என்பது இரண்டாவது தரப்பின் கேள்வி.

மௌனம்

இசைச் சுற்றுப்பயணம் 1998 அக்டோபரில் லண்டனில் முடிந்தது. அதன் பின் மாங்கம் புதிய தொகுப்பு எதையும் தரவில்லை. பேட்டிகளையும் தவிர்த்தார். குழு அறிவிப்பின்றியே கலைந்தது. 2001இல் பல்கேரியாவின் கோப்ரிவ்ஷ்டிட்சா நாட்டுப்புற இசை விழாவில் தாம் பதிவு செய்த ஒலிகளைத் தொகுத்து வெளியிட்டார். அதில் அவரது பாட்டு இல்லை.

2002இல் 'பிட்ச்ஃபோர்க்' இதழுக்கு அளித்த அரிதான பேட்டியில் அவர் காரணத்தை ஓரளவு விளக்கினார். எல்லாரும் தத்தம் கனவை உருவாக்கிவிட்டால் இன்பமாக வாழலாம் என்று ஒரு காலத்தில் நம்பினார். கனவுகள் நிறைவேறிய பின்னும் நண்பர்கள் வேதனையில் இருப்பதைக் கண்டபோது, பாடியே துன்பத்திலிருந்து வெளியேறிவிட முடியாது என்று உணர்ந்தார். ஆன் ஃபிராங்கைக் கனவில் காப்பாற்ற முயன்ற ஒருவரின் வாயிலிருந்து இது வந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2008இல் 'ஸ்லேட்' இதழ் அவரை இண்டி ராக்கின் சாலிஞ்சர் என்று அழைத்தது. ஜே.டி. சாலிஞ்சர் புகழின் உச்சியில் எழுத்தை வெளியிடுவதை நிறுத்தி ஒதுங்கி வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர்.

மறுமதிப்பீடு

மாங்கம் பேசாதிருந்த ஆண்டுகளில்தான் தொகுப்பு வளர்ந்தது. நண்பர் நண்பருக்குக் கொடுத்தும், இணையம் வழியாகவும் அது பரவியது. 2003இல் 'மேக்னட்' இதழ் 1993 முதல் 2003 வரையிலான தொகுப்புகளில் இதற்கே முதலிடம் அளித்தது. அதே ஆண்டில் 'பிட்ச்ஃபோர்க்' வெளியிட்ட 1990களின் சிறந்த 100 தொகுப்புகள் பட்டியலில் இது 4ஆம் இடம் பெற்றது. 2005இல் டோமினோ நிறுவனம் மறுவெளியீடு செய்தபோது, முன்பு 8.7 கொடுத்த அதே இதழ் பத்துக்குப் பத்து கொடுத்தது. 2008இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற இசைத்தட்டுகளின் பட்டியலில், பத்தாண்டு பழைய இத்தொகுப்பு 10,200 படிகளுடன் ஆறாம் இடத்தில் இருந்தது. 'ஆர்கேட் ஃபயர்' குழு மெர்ஜ் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு நியூட்ரல் மில்க் ஹோட்டலும் ஒரு காரணம் என்று அதன் பாடகர் வின் பட்லர் கூறியுள்ளார்.

8.7க்கும் 10க்கும் இடையில் பாடல்களில் ஒரு சுரமும் மாறவில்லை. 1998இல் எழுதியவர் முன் இருந்தது ஒரு புதிய குறுந்தகடு மட்டும். 2005இல் எழுதியவரோ ஏழாண்டு மௌனத்தையும் சேர்த்தே கேட்டார். கிட்டாரை வைத்துவிட்டு நடந்து போகும் அந்தக் கடைசி ஓசை 1998இல் ஒரு சிறு விளையாட்டு. பின்னர் அது விடைபெறுதலாக ஒலித்தது. மதிப்பெண் உயர்வில் இதற்கும் பங்குண்டு என்பதை மறுக்க இயலாது.

தொடரும் மாறுபாடு

புகழ் கூடக்கூட எதிர்ப்பும் வேறு வடிவில் வந்தது. இத்தொகுப்பை விரும்புவதே தம்மை உயர்ந்த ரசனையாளர் என்று காட்டிக்கொள்ளும் இளைஞரின் அடையாளம் என்ற கேலி பரவியது. அது ரசிகரைப் பற்றிய குறை. தொகுப்பைப் பற்றியது அன்று.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. வதைமுகாமில் மாண்ட ஒரு சிறுமியை, அரை நூற்றாண்டுக்குப் பின் வேறொரு நாட்டு இளைஞர் தம் ஏக்கங்களோடும் உடல் சார்ந்த படிமங்களோடும் கலந்து பாடலாமா? அவரது துன்பம் இங்கே அலங்காரமாகிவிடுகிறது என்பது ஒரு கருத்து. பாடநூலில் ஒரு பெயராகச் சுருங்கிப் போனவரை உறவினர் போல எண்ணி அழுவது அவரை மீண்டும் மனிதராக்குகிறது என்பது மறுகருத்து. சில பாடல்களில், குறிப்பாக ஆசையும் இரங்கலும் ஒரே வரியில் நெருங்கும் இடங்களில், முதல் கருத்துக்கு வலு இருக்கிறது. 'ஹாலந்து, 1945' பாடலைக் கேட்கும்போது இரண்டாவது கருத்தின் பக்கம் மனம் சாய்கிறது.

2009இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெக்சிங்டன் உயர்நிலைப் பள்ளியில் இந்தக் கேள்வி மேடைக்கே வந்தது. அப்பள்ளியின் பழைய மாணவியான பாடகி அமாண்டா பால்மர், தமது பழைய நாடக ஆசிரியருடனும் மாணவர்களுடனும் சேர்ந்து, இத்தொகுப்பையும் ஆன் ஃபிராங்கின் வாழ்வையும் அடிப்படையாகக் கொண்டு ஒரு நாடகத்தை உருவாக்கினார். ஆன் ஃபிராங்கின் வயதை ஒட்டிய பிள்ளைகள் அதில் நடித்தனர்.

மாங்கம் 2011 அக்டோபரில் நியூயார்க்கில் 'வால் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிப்போம்' போராட்டக்காரர்களிடையே தோன்றிப் பாடினார். 2013இல் பழைய உறுப்பினர்களுடன் குழு மீண்டும் கூடி, 2015 வரை பல நகரங்களில் இசைத்தது. நிகழ்ச்சிகளில் படமெடுக்க வேண்டாம் என்று ரசிகர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். 2023இல் மெர்ஜ் நிறுவனம் குழுவின் பதிவுகளை ஒரே பெட்டியாகத் தொகுத்து வெளியிட்டது. மூன்றாவது இசைத்தொகுப்பு இதுவரை வரவில்லை.