பட்டை ஏன் உடைந்தது?

யானைக்கவுனி பக்கம் போயிருக்கிறீர்களா? வால்டாக்ஸ் ரோட்டில் லோடு இறக்க வரும் லாரிகளில் ஏதாவது ஒன்று, என்றாவது ஒருநாள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். 'மெயின் பட்டை கட்!' என்பார் டிரைவர். 'பள்ளத்துல விட்டிருப்பே' என்று ஓனர் அவர் தலையில் பழியைப் போடுவார். 'போன வாரம் இதைவிட ஜாஸ்தி ஏத்தினீங்க... அப்ப உடையலையே, சார்?'

நியாயமான கேள்வி! இதையே உலகம் ஒருமுறை ரத்தம் சிந்திக் கேட்டது.

1842, மே 8. வெர்சேல்ஸிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலில், முன்னால் போன இன்ஜினின் அச்சு படாரென்று முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற, தீ பிடித்தது. கதவுகளோ பூட்டியிருந்தன! ஐம்பது பேருக்கு மேல் பலி. நன்றாக ஓடிய அச்சு ஏன் முறிய வேண்டும்? அதிர்ந்து அதிர்ந்தே இரும்பு கற்கண்டு போலப் பொரபொரப்பாகிவிடுகிறது என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள்.

ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மன் ரயில்வே இன்ஜினீயர் அதோடு விடவில்லை. 1850, 60-களில் அச்சுகளை மெஷினில் மாட்டி, சுமை கொடுத்து, லட்சக்கணக்கான தடவை சுழற்றினார். ஒரே தடவையில் உடைக்க முடியாத சுமைகூட, திரும்பத் திரும்பக் கொடுத்தால் அச்சை உடைத்துவிட்டது! ஆம், இரும்புக்கும் களைப்பு உண்டு.

எங்கோ ஒரு போல்ட் துளை, ஒரு கீறல்... அங்கே மயிரிழை விரிசல் பிறக்கும். தினமும் கொஞ்சம் வளரும். உடைந்த முகத்தைப் பாருங்கள்: காசிமேட்டு மணலில் அலை விட்டுப்போன கோடுகள் போல வழவழப்பான வரிகள். அது பழைய விரிசல். மீதிப் பகுதி மட்டும் பொரபொரவென்று இருந்தால், கடைசி நாளில் முறிந்தது அவ்வளவுதான்!

கார்கள் வந்தபோது இந்தப் பாடம் கைகொடுத்தது. 1907-ல் ரோல்ஸ்-ராய்ஸின் 'சில்வர் கோஸ்ட்' பதினைந்தாயிரம் மைல் ஓட்டப்பட்டது. பிறகு அதைக் கழற்றிப்போட்டு, பாகம் பாகமாகத் தேய்மானம் பார்த்தார்கள். புதுசு போலாக்கத் தேவைப்பட்ட பாகங்களின் விலை, இரண்டு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல்! ஹென்றி ஃபோர்டு 1908-ல் கொண்டுவந்த 'மாடல் டி'யில் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் வனேடியம் கலந்த எஃகைப் போட்டார்.

நம் எண்ணூருக்கு வருவோம். 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1951-ல் லேலண்ட் காமெட் சேஸிஸ். முதல் நான்கும் போனது மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலைக்கு! இங்கிலாந்துச் சாலைக்குப் பிறந்த சேஸிஸ், இங்கே ஓட்டுப் பாரத்தோடு நம் குண்டும் குழியும் தாண்டியாக வேண்டும். 1955-ல் அந்தக் கம்பெனிதான் அசோக் லேலண்ட் ஆனது.

சரி, நம்ம டிரைவர்? போன வாரம் தாங்கிய அந்த ஓவர்லோடுதான் இன்றைக்குப் பட்டையை உடைத்தது. அதைக் காயலான் கடைக்குப் போடுமுன் உடைந்த முகத்தை ஒரு தரம் திருப்பிப் பாருங்கள். அங்கே துருவேறிக் கறுத்த வரிகள் இருந்தால்... அவர்மேல் குற்றமில்லை!