ஓர் ஆள் கூலி மிச்சம்: டிரம்ஸ் பிறந்த கதையும் நான் அதைக் கற்றுக்கொண்ட கதையும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "நீ இந்த வயசுல டிரம்ஸ் கத்துக்கிட்டியாமே? அதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதிக் குடுப்பா" என்றார்கள். சொந்தக் கதையை மட்டும் எழுதினால் நீங்கள் எல்லோரும் பக்கத்தைப் புரட்டிவிட்டு குரூப் போட்டோவில் உங்கள் தலையைத் தேடப் போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே டிரம்ஸ் என்கிற வாத்தியத்தின் சரித்திரத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. கடைசியில் ஒரு பாவமன்னிப்பும் உண்டு.

நம் மெல்லிசைக் குழுவை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு கிடார், ஒரு தபேலா, ஒரு மௌத் ஆர்கன், நடுவில் ஜம்மென்று டிரம்ஸ். அந்த டிரம்ஸ் நம்முடையது அல்ல. டவுனில் ஓர் ஆர்கெஸ்ட்ராக்காரரிடம் வாடகைக்கு எடுத்து, டெம்போவில் ஏற்றி, ஹாஸ்டல் வாசலில் இறக்குவோம். இறக்கிய கூலிகளில் அடியேனும் ஒருவன். பிற்பாடு நுண்கலை மன்றச் செயலாளராகப் பதவி உயர்வு பெற்றேன்! வாசித்தவன் நம் வகுப்புத் தோழன். பெயரைப் போடாதே என்று அவனே சொல்லிவிட்டான். போடாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும்.

1986, பிரிவுபசார விழா. ஒரு ஜூனியர், துபாயிலிருந்து வந்த மாமாவின் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு பட்டனை அழுத்தினால் அதுவே தாளம் போட்டது. நாங்கள் வாய் பிளந்து நின்றோம். கையில் காசு குறைவு. "டிரம்ஸ் வாடகை மிச்சம், டெம்போ சத்தம் மிச்சம். இந்தத் தடவை டிரம்ஸ் வேணாம்" என்று முடிவு செய்தது செயலாளராகிய நான்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. "சரிடா" என்றான். விழாவன்று நாலாவது வரிசையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இது இங்கே நிற்கட்டும். சரித்திரத்துக்கு வருவோம்.

மூன்று பேர் வேலையை ஒருவர்

டிரம்ஸ் செட் என்பது ஒரே வாத்தியம் அல்ல. பல தேசத்து வாத்தியங்களின் கூட்டுக் குடும்பம். பெரிய பேஸ் டிரம்மும் சிம்பலும் துருக்கிய ராணுவ இசையிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தவை. அடியில் கம்பி கட்டிச் சடசடவென்று ஒலிக்கும் ஸ்நேர் டிரம் ஐரோப்பியப் படைகளின் அணிவகுப்பில் வளர்ந்தது. ஆரம்ப காலத்து டாம்-டாம்கள் அமெரிக்காவில் குடியேறிய சீனர்கள் கொண்டு வந்தவை. சிம்பலில் இன்றும் முதல் மரியாதை பெறும் ஜில்ஜியன் என்ற பெயர், 1623-ல் கான்ஸ்டான்டிநோபிளில் தொழில் தொடங்கிய ஓர் ஆர்மீனியக் குடும்பத்தினுடையது. அவர்களின் அமெரிக்கத் தொழிற்சாலை தொடங்கியது 1929-ல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பேண்டுகளில் பேஸ் டிரம்முக்கு ஓர் ஆள், ஸ்நேருக்கு ஓர் ஆள், சிம்பலுக்கு ஓர் ஆள். தெருவில் நடந்து போகும்போது இது சரி. நாடகக் கொட்டகைக்குள் மேடைக்கு முன்னால் இருக்கும் சின்னப் பள்ளத்தில் மூன்று பேருக்கு இடம் ஏது? கூலியும் மூன்று மடங்கு. ஆகவே ஒரே ஆள் பேஸ் டிரம்மையும் ஸ்நேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையில் இருக்கும் குச்சியாலேயே இரண்டையும் மாற்றி மாற்றி அடிக்க ஆரம்பித்தார். அப்புறம்தான், கால் சும்மா இருக்கிறதே, அதற்கும் வேலை கொடுப்போம் என்று பெடல் வந்தது. சிகாகோவில் வாசித்துக்கொண்டிருந்த வில்லியம் லுட்விக் என்பவருக்கு, அப்போது கிடைத்த பெடல்கள் பாட்டின் வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. தானே வேகமான ஒன்றைச் செய்துகொண்டார். 1909-ல் தம்பியுடன் சேர்ந்து அதையே தொழிலாக்கினார். பேஸ் டிரம் முழுக்கக் காலுக்குப் போனது, கைகள் இரண்டும் விடுதலை பெற்றன. 1920-களில் இடது காலுக்கும் வேலை வந்தது. இரண்டு சிம்பலைக் காலால் மூடித் திறக்கும் கருவி முதலில் தரையோடு தரையாக இருந்து, பின்பு கைக்கு எட்டும் உயரத்துக்கு எழும்பி, 'ஹை-ஹாட்' ஆயிற்று.

ஆக, டிரம்ஸ் செட் பிறந்ததில் ஆள் கூலி மிச்சம் பிடிக்கும் எண்ணத்துக்குப் பெரிய பங்கு உண்டு! ஆனால் அந்த ஒற்றை ஆள் சும்மா மூன்று பேர் வேலையைச் செய்துவிட்டுப் போகவில்லை. நியூ ஆர்லியன்ஸில் பேபி டாட்ஸ் போன்ற கறுப்பின வாத்தியக்காரர்கள், மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டு அதற்குப் பதில் சொல்வது போல வாசித்தார்கள். ஊமைப் படக் கொட்டகைகளில் குதிரைக் குளம்பு, இடி, துப்பாக்கிச் சத்தம் எல்லாமே டிரம்மர் கைவேலைதான். 1927-ல் 'தி ஜாஸ் சிங்கர்' வந்து படம் பேச ஆரம்பித்ததும் ஏராளமான கொட்டகை வாத்தியக்காரர்கள் வேலை இழந்தார்கள். யந்திரம் வந்து டிரம்மரை எழுப்பி அனுப்பியது அதுதான் முதல் தடவை என்று சொல்லலாம். அதன் பிறகும் டிரம்ஸ் ஓயவில்லை. 1938 ஜனவரி 16 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் பென்னி குட்மன் குழுவின் கச்சேரியில் ஜீன் குருபா வாசித்தபோது, பின்வரிசை டிரம்மர் முன்வரிசை நட்சத்திரம் ஆனார்.

அமெச்சூர்கள் காலம்

1957-க்கு முன்னால் டிரம்மில் கன்றுக்குட்டித் தோல்தான். மழைக்காலத்தில் தொய்ந்துவிடும். பறையை நெருப்பில் காய்ச்சி வாசிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகவே தெரியும். 1957-ல் ரெமோ பெல்லி என்ற அமெரிக்க டிரம்மர் மைலார் பிளாஸ்டிக்கில் செய்த ஹெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மழையோ வெயிலோ, சத்தம் மாறாது.

அதே சமயம் இங்கிலாந்தில் 'ஸ்கிஃபில்' என்றொரு காய்ச்சல். துணி துவைக்கும் தகரப் பலகை தாள வாத்தியம், தேயிலைப் பெட்டியில் ஒரு குச்சியும் கயிறும் கட்டினால் பேஸ். லோனி டானிகன் 1956-ல் வெற்றி பெற்றதைப் பார்த்துப் பையன்கள் தெருவுக்குத் தெரு குழு ஆரம்பித்தார்கள். 30,000 முதல் 50,000 குழுக்கள் வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். லிவர்பூலில் ஜான் லெனன் ஆரம்பித்த பள்ளிக்கூடக் குழுவும் அதில் ஒன்று. பின்னாளில் அவரோடு சேர்ந்த ரிங்கோ ஸ்டார், சிறு வயதில் வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அங்கே நோயாளிப் பிள்ளைகளுக்காக நடத்திய பேண்டில்தான் தட்டவே ஆரம்பித்தார். 1957 கிறிஸ்துமஸுக்குத்தான் சொந்தமாக ஒரு பழைய செட் கிடைத்தது. அப்போது அவர் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ். ஆறே வருஷம் கழித்து, 1964 பிப்ரவரி 9 அன்று, அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர் வாசித்ததைப் பார்த்தவர்கள் 7 கோடியே 30 லட்சம் பேர்!

ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ், பாஞ்சோவின் கழுத்தைக் கழற்றிவிட்டு அதன் உடம்பை டிரம்மாகத் தட்டிப் பழகியவர். விளம்பரக் கம்பெனியில் படம் வரையும் வேலை பார்த்தவர். வெல்வெட் அண்டர்கிரவுண்டின் மொரீன் டக்கர் என்ற பெண்மணி 19 வயதில் தானாகவே கற்றுக்கொண்டு, பேஸ் டிரம்மைப் படுக்கப் போட்டு, நின்றுகொண்டே வாசித்தார். இவர்கள் யாரும் முறையாகச் சங்கீதக் கல்லூரியில் டிரம்ஸ் பயின்றவர்கள் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே, தப்பும் தவறுமாக, நண்பர்களோடு தட்டிப் பழகியவர்கள்.

அந்த அலை நம் ஊருக்கும் வந்தது. ஒரு சிகரெட் கம்பெனி நடத்திய 'ஷிம்லா பீட்' போட்டியில் இந்தியா முழுவதிலிருந்தும் பீட் குழுக்கள் கலந்துகொண்டன. 1970, 1971 ஆண்டுகளில் எல்.பி. ரெக்கார்டுகளும் வந்தன. சினிமாப் பாட்டின் வழியே டிரம்ஸ் சத்தம் டீக்கடை ரேடியோ வரைக்கும் போனது. திருவிழாவோ கல்யாணமோ, ஆர்கெஸ்ட்ரா மேடையில் டிரம்ஸ் இருந்தால்தான் களை. அப்புறம் என்ன ஆயிற்று? 1980-ல் ரோஜர் லின் நிஜ டிரம்ஸின் ஒலியையே பதிவு செய்து வைத்த முதல் டிரம் மெஷினைக் கொண்டுவந்தார். 1985-ல் ரோலண்ட் ஆக்டோபேட் வந்தது. நம் மெல்லிசைக் குழுக்களில் ஒரு பெட்டியில் அடங்கும் ரிதம் பேட் நுழைந்தது. டெம்போ வேண்டாம். மூன்று ஆள் கூலியை மிச்சம் பிடிக்கப் பிறந்த டிரம்ஸே இப்போது அதிகச் செலவாகத் தெரிந்தது. 1986-ல் நான் செய்ததும் அதே கணக்குத்தான்.

பட்டனுக்குக் காது கிடையாது

விழாவில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டாவது சரணத்தில் பாடுகிறவன் ஒரு வரி தள்ளி எடுத்தான். பதற்றம், பாவம். யந்திரம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் ஒருவரோடு சேரவில்லை. ஊளைச் சத்தம் ஆரம்பித்தது. அப்போது நாலாவது வரிசையிலிருந்து பளீர் பளீரென்று கைதட்டல். கிண்டலுக்கு இல்லை, பாட்டின் எடுப்பைத் தட்டிக் காட்டினான். கீபோர்டுப் பையன் பட்டனை அணைத்தான். அந்தக் கைத்தட்டலைப் பிடித்துக்கொண்டு பாட்டு கரை சேர்ந்தது. அன்று நான் அவனிடம் நன்றி சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அதன் பிறகு அவரவர் வேலை, கல்யாணம், ஊர் மாற்றம்.

2018-ல் அவனுக்குப் பக்கவாதம் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். இடது கை விழுந்துவிட்டது. பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. "எல்லாரும் மறுபடி கூடும்போது பாட்டுக் கச்சேரி வெப்போம்டா" என்று ஆறுதலுக்குச் சொன்னேன். சிரித்தபடி, "அதுக்கென்ன, ரிதம் பட்டனை அழுத்திடு, போதும்" என்றான். தமாஷாகத்தான் சொன்னான். எனக்கு வீடு வந்து சேரும் வரை தொண்டையில் சோறு சிக்கிய மாதிரி இருந்தது.

2019-ல், என் 54-ஆம் வயதில், டிரம்ஸ் வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக் கொடுத்தவர் சர்ச்சில் வாசிக்கும் 24 வயது இளைஞர். அவர் என்னை "சார்" என்பார், நான் அவரை "மாஸ்டர்" என்பேன். வலது கை ஹை-ஹாட்டில் எட்டு தட்டு; வலது கால் ஒன்றிலும் மூன்றிலும்; இடது கை இரண்டிலும் நாலிலும். சொல்ல எளிது. இடது கை எழுந்தால் வலது காலும் கூடவே எழுந்தது! சரித்திரத்தில் மூன்று ஆள் செய்த வேலை என்பது அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது. "சார், மெதுவா. மெதுவா வாசிக்கறதுதான் கஷ்டம்" என்பார் மாஸ்டர்.

1933-ல் அமெரிக்க டிரம்மர்கள் 13 பேர் கூடி, 13 அடிப்படைப் பாடங்களை அவசியமானவை என்று வகுத்தார்கள். 1984-ல் வெளிவந்த பட்டியலில் அது 40 ஆனது. அதில் ஒன்று 'பாராடிடில்': வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. 2020 ஊரடங்கில் ரப்பர் பேடில் இதைத்தான் காலையும் மாலையும் தட்டினேன். "முறத்துல அரிசி புடைக்கிற மாதிரியே இருக்கு" என்றாள் மனைவி. ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

பிறகு எங்கள் பகுதியில் ஒரு குழு சேர்ந்தது. ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர், பல் டாக்டர் ஒருவர், பாடுவதற்கு ஒரு பள்ளி ஆசிரியை. குடியிருப்பில் நடந்த பொங்கல் விழாவில் அரங்கேற்றம். முடிந்ததும் ஆசிரியை, "சார், கடைசியில வண்டிய விரட்டிட்டீங்க. மூச்சு விட நேரமில்ல" என்றார். ஒலிப்பதிவை நண்பனுக்கு அனுப்பினேன். அன்றிரவே போன். "நீ உன் கையை மட்டும் பாத்துக்கிட்டிருக்கே. பாடறவங்க எங்க மூச்சு விடறாங்கன்னு பாரு. அங்க இடம் விடு. டிரம்மருக்குக் கையவிட காதுதான்டா முக்கியம்." அதன் பிறகு வாராவாரம் அவனே எனக்கு இரண்டாவது மாஸ்டர். வலது கையால் மேஜையைத் தட்டிக் காட்டுவான், நான் வாசிப்பேன், அவன் திட்டுவான்.

வயதான பிறகு கற்றால் வேகம் வராது. வரவில்லை. ஆனால் அடுத்தவர் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்பதற்கு வேகம் தேவையில்லை. 20 வயதில் என்னிடம் அது இல்லை. இருந்திருந்தால் அந்த "சரிடா" என்ற வார்த்தைக்குள் என்ன இருந்தது என்று அன்றே கேட்டிருக்கும்.

நண்பர்களே, இன்று மாலை நம் பழைய குழு மேடை ஏறுகிறது. வாடகை டிரம்ஸ்தான், டெம்போவில்தான் வருகிறது. வந்தவுடன் நாலு பேர் இறக்கக் கை கொடுங்கள். வாசிப்பது நான். என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கும். அதில் உட்கார்ந்து வலது கையால் ஒன், டூ, த்ரீ, ஃபோர் எண்ணி எடுத்துக் கொடுப்பது அவன். 1986-ல் கேட்க வேண்டிய மன்னிப்பை முதல் பாட்டுக்கு முன்னால் மைக்கிலேயே கேட்கப் போகிறேன். அவனுக்குத் தெரியாது, இந்த மலரைப் படித்தால்தான் தெரியும்.

நடுவில் நான் தடுமாறினால் ஊளையிடாதீர்கள். கைதட்டி எடுத்துக் கொடுங்கள். பிடித்துக்கொள்கிறேன்.