மடை யார் கையில்

தோழர்களே, அரியக்குடி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இராமானுஜ ஐயங்காரின் பாட்டு நினைவுக்கு வரும். நான் பேச வந்தது நிலம் பற்றி. ஆனாலும் பாட்டிலிருந்தே தொடங்குகிறேன். அவர் புகழோடு பாடிக்கொண்டிருந்த 1931இல்தான், இந்த ஊர் அடங்கிய அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிதிராவிடரும் தேவேந்திரகுல வேளாளரும் தங்கள் வீட்டு விசேஷத்தில் மேளம் கொட்டக் கூடாது என்று கள்ளர் நாட்டார்கள் கூடித் தடை போட்டார்கள்.

1930 டிசம்பரில் 8 தடைகள். அவற்றை மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அப்படியும் பணியவில்லை என்று 1931 ஜூனில் 11 தடைகள். அவ்வாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இவற்றைப் பதிந்திருக்கிறார்.

முழங்காலுக்குக் கீழே துணி, தங்க நகை, பித்தளைக் குடம் பற்றிய தடைகளை நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். நிலம் பற்றியவற்றைத் தாண்டிப் போய்விடுகிறோம். 7ஆவது: மிராசுதாரிடம் வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் வாங்கிப் பயிரிடக் கூடாது. 8ஆவது: சொந்த நிலத்தையும் அவர்களுக்கே அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டும், விற்காதவருக்குப் பாசனத் தண்ணீர் இல்லை, மழையை நம்பி விளைந்தாலும் அறுவடைச் சமயத்தில் பயிர் பறிக்கப்படும். 9ஆவது: காலை 7 முதல் மாலை 6 வரை கூலி வேலை, ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. மூன்றையும் சேர்த்துப் படித்தால், எந்தச் சட்டமன்றமும் இயற்றாத ஒரு நிலக் கொள்கை தெரியும்.

இது கண்மாய்ப் பூமி. மடை திறந்தால் தண்ணீர் வயல் விட்டு வயல் பாய வேண்டும். மேல்வயல்காரர் விடாவிட்டால் கீழ்வயல் காயும். அடங்கலில் அது 'தரிசு' என்று ஏறும். தண்ணீரை மறித்தவர் பெயர் ஏறாது. பொருளாதார வகுப்பில் 'உற்பத்தித் திறன் குறைந்த நிலம்' என்று படிக்கும் மாணவர்கள் இதையும் கேட்க வேண்டும்.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி 1892இல் பிறந்த பஞ்சமி நில ஆணை அரசுத் தரிசுக்கானது. 1803இல் நிரந்தர ஜமீனாக்கப்பட்ட சிவகங்கைச் சீமையிலோ தரிசு ஜமீனுக்குச் சொந்தம். ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948இல். இங்கே பஞ்சமி நிலம் தேடும் தோழர்கள் இதை முதலில் கணக்கில் கொள்ள வேண்டும்.

காரைக்குடி 2024இல் மாநகராட்சியானது. சுற்றுவட்டார வயல்கள் மனைகளாகும்போது, 'பல ஆண்டுகளாகச் சாகுபடி இல்லை' என்ற காரணம் சொல்லப்படும். அப்போது அந்த நிலத்தின் பழைய அடங்கலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த ஆண்டு முதல் தரிசு, அந்த ஆண்டு பக்கத்து வயல் விளைந்ததா, இரண்டும் யார் பெயரில் இருந்தன என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.