அயல்பணி ஒப்படைப்பும் நிறுவன மாற்றமும்

அவுட்சோர்சிங் என்று வணிக உலகில் வழங்கும் அயல்பணி ஒப்படைப்பாவது, ஒரு ஸ்தாபனம் தன் சொந்த ஊழியரைக் கொண்டு நடத்தி வந்த காரியத்தை, குறித்த காலத்துக்கு, குறித்த விலைக்கு, குறித்த தர நிபந்தனைகளோடு வேறொரு ஸ்தாபனத்தின் பொறுப்பில் விடுவதாகும். காவல், துப்புரவு, சிற்றுண்டிச்சாலை போன்றவற்றை வெளியாரிடம் விடுவது நெடுநாளைய வழக்கம். கணக்கு, கணினி, சில வேளைகளில் பொருளின் வடிவமைப்பு ஆகியவையும் பெருமளவில் வெளியே போகத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

எதைத் தானே செய்வது, எதைச் சந்தையில் வாங்குவது என்ற வினாவைத் தெளிவாக எழுப்பியவர் ரொனால்ட் கோஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலறிஞர். விலை விசாரித்தல், பேரம் பேசுதல், உடன்படிக்கை எழுதுதல், எழுதியபடி நிறைவேற்றுவித்தல் ஆகிய அனைத்துக்கும் செலவு உண்டென்றும், அச்செலவு உள்ளே நிர்வகிக்கும் செலவை விஞ்சும் இடங்களில்தான் நிறுவனம் என்ற அமைப்பே தோன்றுகிறதென்றும் அவர் 1937-இல் எழுதிய கட்டுரையில் காட்டினார். அவருக்கு 1991-இலும், அக்கருத்தை விரித்துரைத்த ஆலிவர் வில்லியம்சனுக்கு 2009-இலும் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே வாடிக்கையாளருக்கென்று அமைத்த இயந்திரமோ, அவர் காரியத்துக்கென்றே பழகிய அறிவோ இருக்குமிடத்தில், இரு தரப்பாரும் ஒருவரையொருவர் விட்டு விலக இயலாதபடி கட்டுண்டு போவர் என்பது வில்லியம்சன் வற்புறுத்திய விஷயம். விலைப்புள்ளியை மட்டும் நோக்கி முடிவெடுக்கும் நிர்வாகிகள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்த ராஸ் பெரோ 1962-இல் டல்லாஸ் நகரில் எலக்ட்ரானிக் டேட்டா சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பிறருடைய கணிப்பொறி வேலைகளை ஏற்று நடத்தலானார். எனினும் இம்முறைக்குக் கௌரவம் தேடித் தந்தது 1989-இல் ராச்செஸ்டர் நகரத்து ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம், காத்தரின் ஹட்சன் என்ற அதிகாரியின் முயற்சியால், தன் கணிப்பொறி நிலையங்களை ஐ.பி.எம்.மிடமும், தொடர்பு வலையமைப்பை டிஜிட்டல் நிறுவனத்திடமும், மேசைக் கணினிகளை பிஸினஸ்லாண்டிடமும் ஒப்படைத்த நிகழ்ச்சியாகும். புகழ் பெற்ற ஒரு பெருநிறுவனமே இவ்வாறு செய்ததைக் கண்டபின், பிறருக்குத் தயக்கம் நீங்கியது.

ஒப்பந்தம் கையெழுத்தாவதோடு மாற்றம் முடிவதில்லை. அன்றுதான் அது தொடங்குகிறது. வேலையோடு ஊழியரும் கை மாறுவதுண்டு. நேற்றுவரை சக ஊழியராயிருந்தவர் இன்று ஒப்பந்தக்காரரின் ஆளாகி, அதே மேசையில் அமர்ந்து வேறொருவரிடம் சம்பளம் பெறுவார். தொழிலகம் கை மாறும்போது ஊழியரின் உரிமைகளும் உடன் செல்ல வேண்டுமென்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1977-இல் ஆணை பிறப்பித்தது. இந்தியாவில் 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், நிரந்தரத் தன்மையுள்ள வேலைகளில் ஒப்பந்த முறையைத் தடை செய்யும் அதிகாரத்தை அரசாங்கத்துக்கு அளித்தது. சட்டத்துக்கு எட்டாத பகுதி ஒன்றுண்டு. எழுதி வைக்கப்படாமல், பல்லாண்டு அநுபவத்தால் மட்டுமே ஊழியர் அறிந்திருக்கும் நுட்பங்களைப் புதியவருக்குக் கற்பிக்கும் கட்டத்தைச் சென்னை மென்பொருள் அலுவலகங்களில், அறிவுக் கைமாற்றம் என்ற பொருளில், கே.டி. என்பார்கள். தன் வேலையைப் பறிகொடுக்கப் போகிறவரே அதைப் பறிப்பவருக்கு ஆசானாக வேண்டியிருப்பதால், இக்கட்டத்தை எவரும் மனம் கோணாமல் நடத்திச் செல்வது ஒப்பந்தம் எழுதுவதைக் காட்டிலும் கடினம்.

இதற்கு ஈடான மற்றொரு கடமை, ஒப்படைத்த பின்னரும் தரத்தைச் சோதித்தறியும் திறமையுள்ளோரை உள்ளே வைத்துக் கொள்வது. சமையலை வெளியே விட்டவர்களும் உப்புப் பார்க்கும் நாக்கை வெளியே விடலாகாது. ஒப்படைத்ததைத் திரும்பப் பெற நேர்வதும் உண்டு. ஜே.பி. மார்கன் சேஸ் வங்கி தன் கணினிப் பணிகளுக்காக 2002 டிசம்பரில் ஏழாண்டுக் காலத்துக்கு ஐந்நூறு கோடி டாலர் மதிப்பில் ஐ.பி.எம்.முடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. பாங்க் ஒன் வங்கியோடு இணைந்தபின், 2004-இல் அதை ரத்து செய்து, அப்பணிகளைத் தன் வசமே மீட்டுக்கொண்டது.

இவை யாவற்றிலும் விரிவாக ஆராயத்தக்கது போயிங் நிறுவனத்தின் 787 விமானம். முன்பெல்லாம் தானே வரைந்து தந்த படத்தின்படி உறுப்புகளைச் செய்வித்து வந்த அந்நிறுவனம், இவ்விமானத்தில் பெரும் பகுதிகளின் நுண்வடிவமைப்பையும், அதற்கான முதலீட்டில் ஒரு பங்கையும் கூட்டாளிகளிடமே விட்டது. ஜப்பானிலிருந்து இறக்கைகளும், இத்தாலியிலிருந்தும் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனிலிருந்தும் உடற்பகுதிகளும் வந்து, போயிங்கின் எவரெட் ஆலையில் சில நாட்களில் பூட்டப்படும் என்பது திட்டம். 2007 ஜூலை 8 அன்று பெரும் ஆரவாரத்துடன் காட்சிக்குக் கொணரப்பட்ட முதல் விமானமோ, தற்காலிக ஆணிகளால் பிணைக்கப்பட்ட, உள்ளே வெறுமையான கூடாக இருந்தது. கூட்டாளிகள் முடிக்காமல் விட்ட வேலைகளெல்லாம் எவரெட்டில் வந்து குவிந்தன. 2008 மே மாதத்தில் ஆல் நிப்பான் ஏர்வேஸுக்குக் கிடைக்க வேண்டிய முதல் விமானம் 2011 செப்டம்பரில்தான் கிடைத்தது. வேலையை வெளியே விடுவதால் இலாபம் துணை ஒப்பந்தக்காரருக்குப் போக, உறுப்புகளைப் பொருத்திச் சரிசெய்யும் செலவு மட்டும் தலைமை நிறுவனத்திடமே தங்கும் என்று ஹார்ட்-ஸ்மித் என்ற போயிங் பொறியாளர் 2001-இலேயே எச்சரித்திருந்தார். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை.

வெளியே விட்டதைப் பின்னர் மீட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. உடற்பகுதிகளைச் செய்து வந்த, சார்ல்ஸ்டனிலிருந்த வாட் நிறுவனத்தின் ஆலையைப் போயிங் 2009-இல் விலைக்கு வாங்கியது. முன்பு தனக்குச் சொந்தமாயிருந்து, 2005-இல் கனடாவின் ஓனெக்ஸ் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் என்ற பெயரில் தனித்து இயங்கிய விசிட்டா ஆலையையும், ஏர்பஸ் விமானங்களுக்கான வேலைகள் நீங்கலாகத் திரும்ப வாங்கிக்கொள்வதற்கு 2024-இல் அது உடன்படிக்கை செய்தது.